வாடுகிறதா, மஞ்சளாகிறதா, உதிர்கிறதா: செட்டிநாட்டு வீட்டுத் தோட்டத்துக்குக் குறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

உரக்கடைக்குப் போய் "கத்தரிச் செடி ஒரு மாதிரி இருக்கிறது" என்று சொன்னால் ஒரு பாட்டில் கைக்கு வரும். எந்த மாதிரி என்று கடைக்காரர் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. அதை அடித்தும் செடி தேறாவிட்டால் அடுத்த பாட்டில். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவற்றில் பூச்சியே கிடையாது. தண்ணீர், மண், பட்டம் (விதைக்கும் பருவம்) இந்த மூன்றில் ஏதோ ஒன்று பிசகியிருக்கும். அதற்குப் பூச்சிமருந்து அடித்தால் காசும் போய், நல்லது செய்யும் பூச்சியும் போய்விடும்.

ஆகவே இந்த வழிமுறை கண்ணுக்குத் தெரியும் குறியிலிருந்து தொடங்குகிறது. கையில் ஒரு பிளேடு, கண்ணாடித் தம்ளர், வெள்ளைத் தாள், கொஞ்சம் வினிகர் வைத்துக்கொள்ளுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. கோளாறின் பெயர் தெரியும்வரை தெளிப்பானைத் தொட வேண்டாம்.

செடி வாடி நிற்கிறது

உச்சிவெயிலில் வாடி, பொழுது சாயும்போது நிமிர்ந்துவிட்டால் கவலை இல்லை. பரங்கி, சுரை, கத்தரி போன்ற அகன்ற இலைச் செடிகள் பங்குனி, சித்திரை வெயிலில் அப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பதறி மத்தியானத்தில் ஒரு வாளி ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். விடியற்காலையிலும் வாடியே இருந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் விடுங்கள், வேலை முடிந்தது. மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் வேரிலோ தண்டிலோ கோளாறு. அங்கே இன்னும் தண்ணீர் ஊற்றினால் மிச்ச வேரும் அழுகும்.

கத்தரியில் நுனிக்கொழுந்து மட்டும் தலை தொங்கி, மற்ற இலைகள் திடமாக இருந்தால் அது தண்டுத் துளைப்பான். தொங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, பிளேடால் நெடுக்காகப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு எச்சத்தோடு படுத்திருப்பதைக் காணலாம். இதே புழுதான் பிறகு காய்க்குள்ளும் போகிறது. முட்டையிலிருந்து வந்த சில மணி நேரத்திலேயே உள்ளே புகுந்துவிடுவதால் மேலே அடிக்கும் எதுவும் அதைத் தொடாது. வாடிய நுனிகளை வாரம் இரண்டு முறை கிள்ளி சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். கிள்ளிய இடத்தின் கீழிருந்து பக்கக்கிளை வெடிக்கும். செடிக்கு நட்டம் இல்லை. கிள்ளியதை அங்கேயே போட்டுவிட்டு வந்தால் புழு இறங்கிப் போய்க் கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும். நாலைந்து கத்தரிச் செடிக்கு மேல் வைத்திருப்பவர்கள், ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று வைக்கலாம்.

செடி முழுவதும் வாடினால் ஒன்றைத் தியாகம் செய்யத்தான் வேண்டும். வேரோடு தோண்டி எடுத்து, மண்ணை அலசிவிட்டுப் பாருங்கள்.

வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, மண்ணில் வாழும் கண்ணுக்குத் தெரியாத புழு. அவரை, கொத்தவரை, தட்டப்பயறு இவற்றின் வேரில் இருக்கும் முடிச்சுகளைப் பார்த்து ஏமாறக் கூடாது. அவை தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துத் தரும் பாக்டீரியாவின் வீடு. விரலால் தேய்த்தால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது போல இருக்கும், தேய்த்தால் வராது. நூற்புழு வந்த பாத்தியில் தக்காளி, கத்தரி, வெண்டை எதையும் அடுத்து வைக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் பாத்தியை நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளை ஓரத்தில் மண் அணைத்து இழுத்து மூடி, 4 முதல் 6 வாரம் விட்டுவிடுங்கள். நம் ஊர்க் கத்திரி வெயிலை யாரும் புகழ்ந்து கேட்டதில்லை, ஆனால் இந்த வேலைக்கு அதைப் போல ஆள் கிடையாது. பிறகு வேப்பம் புண்ணாக்கு போட்டு, ஒரு பட்டத்துக்குச் செண்டுமல்லி வைத்தால் நூற்புழு வெகுவாகக் குறையும்.

வேரில் முடிச்சு இல்லை, அழுகலும் இல்லை என்றால் தம்ளரை எடுங்கள். தரைக்குச் சற்று மேலே தண்டை வெட்டி, வெட்டுமுனை தெளிந்த தண்ணீரில் மூழ்கும்படி ஆடாமல் பிடித்திருங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போல் வெண்ணிழை இறங்கினால் பாக்டீரியா வாடல். இதற்கு மருந்து இல்லை. செடியை அப்புறப்படுத்துங்கள், அந்த இடத்து மண்ணை வேறு பாத்திக்குக் கொண்டுபோகாதீர்கள், மண்வெட்டியைக் கழுவுங்கள்.

தண்டின் கழுத்தில் வெள்ளை நூலாம்படையும் கடுகு போன்ற உருண்டைகளும் இருந்தால் அது பூஞ்சை அழுகல். செடியோடு அந்தக் கடுகு உருண்டைகளையும் சுற்று மண்ணையும் அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். தண்டு உள்ளே கூடாகி, செம்மண் பூசியிருந்தால் கரையான். காய்ந்த சருகை மூடாக்காகத் தண்டை ஒட்டிக் குவித்தால் இந்த மண்ணில் கரையான் நிச்சயம். நாலு விரல் இடம்விட்டுப் பரப்புங்கள்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை முதலில் மஞ்சளானது என்பதில்தான் விடை இருக்கிறது.

அடி இலை முதலில், இலை முழுதும் ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறை. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பிறகு செம்மண் பாத்திகளில் இது சகஜம். மழை சத்தை அடித்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். கடலைப் புண்ணாக்கை மூன்று நான்கு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றினால் ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். அடி இலையே மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் மக்னீசியம். லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பு கரைத்து இலையில் தெளிக்கலாம்.

கொழுந்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகிறதா? அடி இலைகள் நன்றாகத்தான் இருக்கின்றனவா? இது இரும்புச்சத்துக் குறை. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இது செட்டிநாட்டுக்கே உரிய ஒரு கோளாறு.

நம் மண் செம்புறாங்கல் மண். அதன் சிவப்பே இரும்பினால் வந்தது. மண்ணில் இரும்பு இருந்தும் செடிக்குக் கிடைக்கவில்லை என்றால் ஏதோ ஒன்று அதைப் பூட்டி வைத்திருக்கிறது. பெரும்பாலும் அந்தப் பூட்டு, சுண்ணாம்பு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கட்டிய நம் வீடுகளில் சுவரெல்லாம் சுண்ணாம்புச் சாந்து. வீட்டைப் பழுது பார்க்கும்போதும் பங்கு பிரித்து வீட்டின் ஒரு பகுதியை இடிக்கும்போதும் உதிர்ந்த காரை எங்கே போகிறது? லாரிக் கூலிக்குப் பயந்து பின்கட்டுக்கு வெளியே பள்ளத்தில் நிரவி, மேலே அரை அடி செம்மண் பரப்பிவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்து அந்த இடத்தில் கறிவேப்பிலைக் கன்று வைப்பவருக்கு இந்தக் கதை தெரியாது. கன்று இரண்டு அடி வளர்ந்து, வேர் காரையைத் தொட்டதும் வெளுக்கத் தொடங்கும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. செடிக்கு அருகில் ஓர் அடி ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். தம்ளரில் போட்டு இரண்டு ஸ்பூன் வினிகர் விடுங்கள். சுண்ணாம்பு இருந்தால் வெள்ளைத் துணுக்குகளைச் சுற்றி நுரை கிளம்பும்; தம்ளரைக் காதருகே கொண்டுபோனால் பொறிவது கேட்கும். வெறும் செம்மண் சும்மா கிடக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகமே வராது.

நுரைத்தால் செய்ய வேண்டியது: அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அதில் அரை மூடி எலுமிச்சைச் சாறு. கலந்த உடனேயே, மாலையில், கொழுந்துகளில் படும்படி தெளியுங்கள். எலுமிச்சை இல்லாவிட்டால் கரைசல் சீக்கிரம் பழுப்பாகி வீணாகும். நாலைந்து நாளில் துளி விழுந்த இடமெல்லாம் பச்சைப் புள்ளியாகத் தெரியும். வெளிறிய இலையில் பச்சை தெறித்தது போல இருக்கும். இரும்பு ஓரிடத்தில் பட்டால் அங்கேயே நின்றுவிடும், மற்ற இடத்துக்கு நகராது என்பதற்கு அதுவே சாட்சி. அப்படிப் புள்ளி விழுந்தால் உங்கள் கணிப்பு சரி. வாரம் ஒருமுறை இன்னும் இரண்டு மூன்று தடவை நன்றாக நனையும்படி தெளியுங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: முற்றத்தில், பட்டாலையில் தொட்டி வைத்திருப்பவர்கள் ஆத்தங்குடித் தரைக்கல்லின் மேல் இதைச் சொட்டவிடாதீர்கள். துருக்கறை பிடித்தால் எந்தத் தேய்ப்புக்கும் போகாது. வீட்டில் ஆச்சிமார் உங்களை விடமாட்டார்கள்.

தெளிப்பு தற்காலிகத் தீர்வுதான். நிலையாக வேண்டுமென்றால் அந்த இடத்தை ஒன்றரை அடி தோண்டிக் காரையை அள்ளிவிட்டு, செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் போட வேண்டும். முறையான அனுமதியோடு கண்மாய் வண்டல் கிடைத்தால் அதைப் போல வராது. அங்கே அடுப்புச் சாம்பலையும் முட்டை ஓட்டையும் கொட்டுவதை நிறுத்துங்கள். இரண்டும் பூட்டின் மேல் பூட்டு. மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்க நினைப்பவர்கள் நாலைந்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு எடுத்து, கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ கொண்டுபோக வேண்டும். எங்கே கொடுப்பது, முடிவை எப்படிப் படிப்பது என்று கேட்கக் குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. செட்டிநாட்டிலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் உரக்கடையில் யோசனை கேட்கிறோம்.

வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகி, இடையில் பச்சையாக, வலை விரித்தது போல இருந்தால் அது வேறு. மேலே சொன்னதற்கு நேர் எதிர். அது நரம்புத் தேமல் என்னும் நச்சுயிரி (வைரஸ்) நோய், வெள்ளை ஈ பரப்புவது. காயும் வெளிறிக் குட்டையாகும். அந்தச் செடி இனித் தேறாது; பார்த்த அன்றே பிடுங்குங்கள். "இரண்டு காய் பறித்துக்கொண்டு பிடுங்கலாமே" என்பவர்கள் வரிசையில் மற்ற செடிகளையும் பறிகொடுக்கிறார்கள். கோடையில் வெள்ளை ஈ பெருகுவதால் மாசிப் பட்டத்து வெண்டையில் இது அதிகம். அந்தப் பட்டத்துக்கு அர்கா அனாமிகா போன்ற எதிர்ப்புத் திறனுள்ள ரகத்தை வாங்குங்கள். பாத்தி மூலையில் மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்று தொங்கட்டும்.

இலை ஓரம் கருகுகிறது, மண் மேல் வெள்ளைப் பொருக்கு

முற்றிய இலையின் நுனியும் ஓரமும் தீய்ந்து, செடிப்பையின் வாயில் வெண்மையாகப் படிந்திருந்தால் தண்ணீரில் உப்பு. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். அங்கே கட்டியாகப் படிந்திருந்தால் உங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் குணம் தெரிந்துவிடும். தரையில் இருக்கும் செடிக்கு மழை வந்து கழுவிவிடும். மாடியில் பைக்குள் இருக்கும் செடிக்குத் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் நாளுக்கு நாள் சேரும்.

தினமும் ஒரு சொம்பு தெளிப்பதுதான் இதை மோசமாக்குகிறது. பையின் அடியில் வழியும்வரை ஊற்றி, மண் மேல்பகுதி காய்ந்த பிறகு மறுபடி ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை, பையின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக விட்டு அலசுங்கள். மழைநீர் கிடைத்தால் அதுவே முதல் தரம். முற்றத்தில் நாலு பக்க ஓட்டுத் தாழ்வாரத்திலிருந்தும் விழும் நீரைப் பிடிக்க அண்டாவும் கிடாரமும் வைத்த வீடுகள் இவை; இப்போது அந்தப் பாத்திரங்கள் பழம்பொருள் கடைக்குப் போய்விட்டன, ஒரு பிளாஸ்டிக் பீப்பாய் போதும்.

குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் கழித்து விடும் தண்ணீரைச் "சும்மா போகிறதே" என்று செடிக்கு விடாதீர்கள். உள்ளே வந்த தண்ணீரில் இருந்த உப்பில் பெரும்பகுதி அதில்தான் திரண்டிருக்கிறது. அரிசி களைந்த நீர் தாராளமாக விடலாம், அதில் மண்டிக் குழம்பு வைத்தது போக மிஞ்சினால்.

இன்னொரு காரணம், அலசாத தென்னைநார்க் கழிவு. கட்டியாக வாங்கியதை ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரை மாற்றி இரண்டு மூன்று முறை அலசிய பிறகே மண்ணில் கலக்க வேண்டும். உப்புத் தண்ணீருக்கு பீன்ஸ் துளியும் தாங்காது. பீட்ரூட் நன்றாகவே தாங்கும்; தக்காளியும் கத்தரியும் ஓரளவு தாங்கும்.

இலை சுருள்கிறது

மிளகாய்ச் செடியில் சுருட்டை என்று ஒரே பெயரில் மூன்று கோளாறுகளைச் சொல்கிறோம்.

இலையின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு படகு மாதிரி ஆனால் இலைப்பேன். வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துப் பூவையும் கொழுந்தையும் தட்டினால் மயிரிழைத் துண்டு போன்ற பூச்சிகள் ஊர்வது தெரியும். ஓரம் கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலைக்காம்பு நீண்டு, கொழுந்து கரடுமுரடானால் சிலந்திப்பேன், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. இலைகள் சின்னதாகித் தடித்து, கொத்தாக நெருங்கி, வெளிறிப் போனால் நச்சுயிரி, பிடுங்க வேண்டியதுதான்.

இலைப்பேனுக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயும் அதைக் கரைக்கும் அளவு காதி சோப்பும் சேர்த்து, இலையின் அடியில் படும்படி, வாரம் ஒருமுறை. தண்ணீர் தெளித்துக் கழுவினாலே பாதி போய்விடும். வறட்சிதான் அதற்குக் கொண்டாட்டம். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். இதை வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும், மாலையில் மட்டும். வேப்ப எண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் செடிக்கு ஆகாது. எது என்று தெரியாமல் இரண்டையும் கலந்து அடிப்பவர்கள் செடியை எரித்துவிட்டு நோய் முற்றியது என்கிறார்கள்.

தக்காளியில் அடி இலைகள் மட்டும் மேல்நோக்கிச் சுருண்டு, நிறம் மாறாமல், கொழுந்து நன்றாக இருந்தால் அது வெயிலுக்குச் செடி தன்னைச் சுருக்கிக்கொள்வது. விட்டுவிடுங்கள்.

கத்தரியில் இலைகள் துளசி இலையளவு குறுகிக் கொத்துக் கொத்தாக வந்து, பூவே இல்லாமல் புதர்போல நின்றால் சிற்றிலை நோய். செழிப்பாகத்தானே இருக்கிறது என்று வைத்திருக்காதீர்கள். தத்துப்பூச்சி அதிலிருந்து பக்கத்துச் செடிக்கு எடுத்துப் போகும்.

பூ உதிர்கிறது, அல்லது பூவே வரவில்லை

பந்தல் அவரை கொடியாய் ஓடி, இலையாய்ப் பெருகி, பூக்காமல் நிற்கிறதா? எப்போது விதைத்தீர்கள் என்பதுதான் கேள்வி. நம் பழைய பந்தல் அவரை, பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும். ஆடியில் ஊன்றினால் மார்கழி, தையில் காய்க்கும். தையில் ஊன்றியவர் அடுத்த மார்கழி வரை பந்தலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். எந்த ஊக்கியும் அந்தக் கொடியை ஏமாற்றாது. வருடம் முழுதும் வேண்டுமென்றால் செடி அவரை விதை வாங்குங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்றதில் பாதி அர்த்தம் மழைக்கு, மீதி பகல் பொழுதுக்கு.

தக்காளி, மிளகாயில் சித்திரை, வைகாசியில் பூ காம்போடு கொட்டுவது வெப்பத்தால். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 25-க்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் செத்துவிடும். அந்த மாதங்களில் 50 சதவீத நிழல்வலை கட்டி, மூடாக்குப் போட்டுச் செடியை உயிரோடு காப்பாற்றுவதே போதும். காய்ப்பை எதிர்பார்க்க வேண்டாம். தக்காளி சாப்பிட நினைப்பவர் புரட்டாசியில் நாற்று விட்டு, ஐப்பசிக் கடைசியில் நட வேண்டும்.

பருவம் சரியாக இருந்தும் மிளகாயில் பூ உதிர்ந்தால் தண்ணீர் ஏறுக்குமாறாக விடப்படுகிறதா, தழைச்சத்து மிஞ்சிவிட்டதா என்று பாருங்கள். செடி கரும்பச்சையாய்க் கொழுத்திருந்தால் புண்ணாக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். புளித்த மோரில் பெருங்காயம் கரைத்துத் தெளிப்பவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். பலர் சத்தியம் செய்கிறார்கள், எனக்கு அரை நம்பிக்கைதான். பூ உதிர்வதைத் தடுக்க 4.5 சதவீத என்.ஏ.ஏ. என்னும் வளர்ச்சி ஊக்கி பயன்படுத்துபவர்கள் 4.5 லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி என்ற அளவைத் தாண்டக் கூடாது. அதிகமானால் அதுவே பூவை உதிர்க்கும்.

பிஞ்சு மஞ்சளாகி விழுகிறது

சுரை, பரங்கி, பாகல், பீர்க்குப் பிஞ்சுகள் கட்டைவிரல் அளவில் மஞ்சளாகிச் சுருங்கினால் பிளேடை எடுங்கள். உள்ளே சுத்தமாக இருந்தால் மகரந்தம் சேரவில்லை. வெள்ளைப் புழு நெளிந்தால் பழ ஈ.

முதலாவதற்கு நாமே தேனீ வேலை பார்க்க வேண்டும். இங்கே நேரம் முக்கியம். பரங்கியும் பாகலும் வெள்ளரியும் விடியலில் மலர்கின்றன; காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்கின்றன, புடலை இருட்டிய பிறகு. காலையில் போய் வாடிய சுரைப்பூவைத் தேய்த்துப் பயனில்லை. ஆண்பூவைப் பறித்து இதழை நீக்கி, பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவினால் போதும். பெண்பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருக்கும், ஆண்பூவுக்கு வெறும் காம்பு. கொடி ஓடத் தொடங்கிய முதல் சில வாரம் ஆண்பூவாகவே வரும். அதற்காக உரம் வைக்க வேண்டாம், காத்திருங்கள்.

பழ ஈ என்றால் பிஞ்சில் ஊசி குத்திய புள்ளியும் அதில் பிசின் துளியும் இருக்கும். காய் அந்த இடத்தில் வளையும். விழுந்த பிஞ்சை உரக்குழியில் போடாதீர்கள். பாலித்தீன் பையில் கட்டி இரண்டு நாள் வெயிலில் போட்டுப் பிறகு புதையுங்கள். கூட்டுப்புழு மண்ணுக்குள் இருப்பதால் பந்தலுக்குக் கீழே களைக்கொத்தியால் கிளறிவிட வேண்டும். ஆண் பழ ஈயை இழுத்துப் பிடிக்கும் கியூலூர் பொறி உரக்கடையில் கிடைக்கும். நாலு காய்க்கு அதுவும் வேண்டாம். பிஞ்சு விரலளவு இருக்கும்போதே காகிதப் பை மாட்டிவிட்டால் ஈ தொடாது.

தக்காளியின் அடிப்பாகம் கறுத்துக் குழிந்தால் அது பூச்சியும் அல்ல, தொற்றும் அல்ல. சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை. மண்ணில் சத்து இருந்தும் இது வரும், ஏனென்றால் அது தண்ணீரோடுதான் ஏறும்; ஒருநாள் காயவிட்டு மறுநாள் மூழ்கடித்தால் ஏற்றம் தடைப்படுகிறது. முட்டை ஓட்டைத் தூவி அடுத்த வாரமே பலன் கேட்காதீர்கள், அது மக்க மாதக்கணக்கில் ஆகும். தண்ணீரை ஒரே சீராக்கினால் அடுத்த கொத்துக் காய் சுத்தமாக வரும்.

சுரைக்காய், வெள்ளரிக்காய் வெட்டும்போது ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயைத் தூக்கிப் போடுங்கள். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கசக்கும் சுரைச்சாறு குடித்து உயிரிழந்தவர்கள் உண்டு.

சில்லறைக் கோளாறுகள்

வெண்டை, பரங்கி இலைகளில் மாவு தூவியது போல வெள்ளை படிந்தால் சாம்பல் நோய். மார்கழி, தைப் பனியில் வரும். ஒரு பங்கு புளித்த மோருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்துத் தொடக்கத்திலேயே தெளித்தால் நிற்கும். அவரைக் கொழுந்தில் கறுப்பாக அப்பியிருக்கும் அசுவினிக்கு அப்பத்தாக்கள் காலம் தொட்டுச் சாம்பல்தான். பனி ஈரம் காயுமுன் தூவினால் ஒட்டும். வெண்பஞ்சாக மாவுப்பூச்சி வந்தால் எறும்பு எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்து அந்தப் பாதையை மறியுங்கள். கத்தரி இலை சல்லடையானால் புள்ளி வண்டு. நன்மை செய்யும் பொறிவண்டு பளபளப்பாக இருக்கும், இது மங்கலாக, மேலே பூனைமயிருடன் இருக்கும். இலையடியில் முள்முள்ளாக மஞ்சள் புழுவும் இருக்கும். கையால் பொறுக்குங்கள்.

ஐப்பசி மழையில் நாற்று தரையோடு மடிந்தால் நாற்றழுகல். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சைத் தூள் கலந்து விதையுங்கள். வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை. நாற்றங்காலை மேட்டுப்பாத்தியாக எடுத்து, தாழ்வாரத்து ஓரத்தில் வையுங்கள். கீரை விதை முளைக்கவே இல்லை என்றால் விதையைக் குறை சொல்லுமுன் எறும்பு வரிசையைப் பாருங்கள். விதைத்த பாத்திக்குச் சற்றுத் தள்ளி ஒரு பிடி அரிசி நொய் தூவிவிட்டால் எறும்பு அங்கே போய்விடும்.

முருங்கைத் தண்டில் மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடையடையாக அப்பியிருக்கும். பகலில் கூட்டமாக ஒரே இடத்தில் இருக்கும் என்பது நமக்குச் சாதகம். சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சி இறக்குங்கள். வெறுங்கை வேண்டாம்.

காலையில் போய்ப் பார்த்தால் செடியே இல்லை

நாற்று தரைமட்டத்தில் கத்தரித்தது போலக் கிடந்தால் வெட்டுப்புழு. பக்கத்து மண்ணை ஓர் அங்குலம் கிளறினால் சுருண்டு கிடக்கும். தண்டும் இலையும் பிய்ந்து, கொழுந்து மட்டும் காணோம் என்றால் மயில். குன்றக்குடி, பிள்ளையார்பட்டிப் பக்கம் மட்டுமின்றி இப்போது எல்லா ஊரிலும் மதிலேறி வருகிறது. முருகன் வாகனம் என்று நாம் கல்லெடுப்பதில்லை. எடுத்தாலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சும்மா விடாது. பழைய புடவையை வேலியாகக் கட்டுவது ஒரு வாரத்துக்குத்தான், மயிலுக்குப் பழகிவிடும். மேலே கூரை போல வலை கட்ட வேண்டும். பக்கங்களை மட்டும் மறைத்தால் அது பறந்து உள்ளே இறங்கும். வலைக்கண் ஒன்றரை அங்குலத்துக்குள் இருக்கட்டும். பெரிய கண் என்றால் கழுத்தை நுழைத்து மேயும். நைலான் வலையைத் தொளதொளவென்று விடாமல் இழுத்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பாம்பும் ஓணானும் மாட்டிக்கொள்ளும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு வலையைத் தூக்கி அங்கே தகரத்தையோ பழைய கூரை ஓட்டையோ சாய்த்துவிட்டால் பெருச்சாளியும் எளிதில் நுழையாது.